வெங்காயத்தைப் போர்த்திய ஓவியம்

கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், பங்கு இல்லத்துச் சமையலறைக்கென்று மூன்று துணிகளைக் கொடுத்துவிட்டுப் போனான். கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரியவை. தொட்டால் மெழுகின் பிசுபிசுப்பு. முகர்ந்தால் தேனடையின் மணம். பருத்தித் துணியைத் தேன்மெழுகிலும் மரப்பிசினிலும் ஹோஹோபா எண்ணெயிலும் தோய்த்து எடுத்திருக்கிறார்கள். உள்ளங்கைச் சூட்டில் இளகி, கிண்ணத்தின் வாயிலோ நறுக்கிய காயின் மேலோ படிந்து, ஆறியதும் அந்த வடிவிலேயே நின்றுகொள்ளும். பிளாஸ்டிக் தாளுக்கு மாற்று என்று சொல்லி விற்கிறார்கள். குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் ஏறத்தாழ ஓராண்டு உழைக்கும். பிறகு மண்ணில் புதைத்துவிடலாம். பச்சை இறைச்சியையும் மீனையும் சுற்றலாகாது. சூடான எதன்மேலும் போர்த்தலாகாது.

மூன்று துணிகளிலும் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் ஓவியங்கள் அச்சிடப்பட்டிருந்தன. இல்லத்தில் சமைக்கும் அம்மா முதல் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவு அழகான படத்தை அரை வெங்காயத்தைச் சுத்தவா சாமி குடுத்துட்டுப் போனாங்க?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அவருடைய கேள்வி என்னைவிட்டு நகரவில்லை. ஒரு மக்களினம் தன் சமயமாகவும் சட்டமாகவும் நிலத்துக்குரிய பத்திரமாகவும் போற்றும் ஓவியத்தை எஞ்சிய காய்கறிக்குப் போர்வையாக்குவது தகுமா? இத்திங்களுக்கு ஒரு நூல் திறனாய்வு எழுதித் தருவதாக ஆசிரியரிடம் வாக்களித்திருந்தேன். நூலை ஒதுக்கி வைத்துவிட்டுத் துணிகளைத் திறனாயத் துணிந்தேன். வாசக அன்பர்கள் பொறுத்தருள்க.

முதல் துணியோடு ஓர் அட்டை இணைக்கப்பட்டிருந்தது. அதில் ஓவியரின் பெயர், அவருடைய ஊர், ஓவியம் சொல்லும் கதை ஆகிய மூன்றும் இருந்தன. ஊர் யுவெண்டுமு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 290 கிலோமீட்டர் தொலைவில், பாலைநிலத்தில் வார்ல்பிரி மக்கள் வாழும் சிற்றூர். அங்கே 1985-இல் தொடங்கப்பட்ட வார்லுகுர்லாங்கு என்னும் கலைமையம் ஓவியர்களுக்கே சொந்தமானது. ஓவியங்களைத் துணியிலும் கோப்பையிலும் அச்சிடுவதற்கு உரிமம் வழங்கி, அதற்குரிய பங்கை ஓவியர்களுக்குச் சேர்ப்பிக்கும் நடைமுறை அத்தகைய மையங்களில் உண்டு.

ஓவியம் சொல்வது மினா மினா என்னும் இடத்தின் கதை. ஆதியில் அங்கே மண்ணிலிருந்து தோண்டுகோல்கள் தாமாகவே எழுந்தன. மூதாதைப் பெண்கள் அவற்றை எடுத்துக்கொண்டு, ஆடியும் பாடியும் கிழக்கு நோக்கி நடந்தார்கள். அவர்கள் நடந்த வழியெல்லாம் இடங்கள் உண்டாயின. வார்ல்பிரி மொழியில் இத்தகைய கதைகளை ஜுகுர்பா என்பார்கள். ‘கனவு’ என்று ஆங்கிலத்தின் வழியாக நாம் பெற்றிருக்கும் மொழிபெயர்ப்பு மிகவும் மெலிந்தது. உறக்கத்தில் தோன்றி மறைவதன்று ஜுகுர்பா. படைப்பின் வரலாறு, நடத்தைக்கான நெறி, இன்ன நிலத்துக்கு இன்னார் பொறுப்பாளர் என்னும் உறுதி ஆகிய மூன்றும் அச்சொல்லில் அடங்கும். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களைத் ‘தோரா’ என்னும் ஒரே சொல்லால் யூதர் குறிப்பதை ஓரளவுக்கு இதனோடு ஒப்பிடலாம்.

துணியில் நேர்க்கோடுகளாய்க் கிடப்பவை தோண்டுகோல்கள். நெளிந்து செல்பவை அப்பெண்கள் பயன்படுத்திய கொடி. சுமை கட்டவும் தலைவலிக்குக் கட்டுப் போடவும் இன்றும் அது பயன்படுகிறது. குதிரை லாடம் போன்ற அரைவட்டங்கள், அமர்ந்திருக்கும் பெண்களை மேலிருந்து பார்த்த தோற்றம். மணலில் அமர்ந்து எழுந்தவர் விட்டுச்செல்லும் பதிவே அவ்வடிவம். ஓவியரின் பெயரில் நபங்கார்டி என்றொரு சொல் இருந்தது. குடும்பப் பெயர் என்றே முதலில் எண்ணினேன். வார்ல்பிரி சமூகம் எட்டு உறவுப் பிரிவுகளால் ஆனது. பிறக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவுப் பெயர் அமைந்துவிடுகிறது. நபங்கார்டி, நபனாங்கா என்னும் பிரிவுகளைச் சேர்ந்த பெண்களே மினா மினாக் கதைக்கு உரியவர்கள். ஆகவே அந்த அட்டையில் அச்சிடப்பட்டிருந்த பெயரே ஓர் உரிமைச் சான்று: இக்கதையை வரைய இவருக்குத் தகுதியுண்டு என்று அது சொல்கிறது. அச்சொல்லை நீக்கிவிட்டு வெறும் ‘பழங்குடி ஓவியம்’ என்று போட்டால் நட்டமடைவது ஓவியரின் புகழ் மட்டுமன்று. சொல்பவர் யார் என்பதே தெரியாத சாட்சியமாகிவிடும் அக்கதை.

கலைப்பொருள் என்னும் முறையில் இத்துணிமேல் எனக்குக் குறைகள் உண்டு. தேன்மெழுகு வெண்புள்ளிகளை மஞ்சளாக்கிவிடுகிறது. நீலமும் இளஞ்சிவப்பும் மங்குகின்றன. செம்மண் நிறம் மட்டும் மெழுகினால் ஆழம் பெற்று நிற்கிறது. இதைவிடப் பெரிய குறை, துணியின் விளிம்பு. நீளச் சுருளாக அச்சிட்டு, அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். அதனால் பெண்களின் ஒரு வரிசை பாதியில் அறுபட்டுக் கிடக்கிறது. அலங்காரக் கோலமாயின் எங்கே வெட்டினாலும் கேடில்லை. இதுவோ ஒரு பயணத்தின் வரைபடம். சாலையைப் பாதியில் வெட்டியவர் போகிறவரைப் பற்றி நினைத்திருக்க வேண்டாமா? படைப்பைச் சிதைக்காதிருக்கும்படி கோரும் உரிமையை 2000-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியச் சட்டம் படைப்பாளருக்கு வழங்கிவிட்டது. கத்திரிக்கோல் பிடித்தவருக்கு அது எட்டியிருக்காது போலும்.

மெழுகைப் பற்றியும் ஒரு சொல். பாஸ்கா இரவில் புதுத்தீயிலிருந்து ஏற்றிய திரியின் முன் நின்று நாம் பாடும் பாஸ்கா புகழுரையில் தேனீக்களுக்கும் ஓர் இடமுண்டு என்பதை வாசகர்கள் அறிவர். ஆகையால் மெழுகின் மணம் எனக்கு அயலானதன்று. ஆர்னெம் லேண்ட் மக்களுக்கும் அப்படியே. கொடுக்கற்ற சிறு தேனீக்களின் கரிய மெழுகை அவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். ஊதுகுழலின் வாய்க்கு அதைப் பூசுவார்கள். பாறைச் சுவரில் அதை உருட்டி ஒட்டி ஆமையும் மனிதனுமாக உருவங்கள் செய்தார்கள். அவ்வுருவங்களுள் ஒன்று சுமார் 4000 ஆண்டுப் பழமையுடையது என்று கதிர்க்கரிம ஆய்வு காட்டியிருக்கிறது. என் கையிலிருக்கும் துணியில் உள்ளதோ, குடியேறியவர்கள் 1822-இல் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஐரோப்பியத் தேனீயின் மெழுகு. வந்தேறிய தேனீயின் மெழுகு மண்ணின் மக்களின் கதைமேல் பூசப்பட்டிருக்கிறது. குற்றமாக இதைச் சொல்லவில்லை. அந்நாட்டின் வரலாறு முழுவதும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கிறது.

இனி, சமையல் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். புனிதமான ஒன்று அடுக்களைத் துணியில் வரலாமா என்பதற்கு முதலில் ‘கூடாது’ என்றே விடையளிக்க நினைத்தேன். பிறகு இக்கலையின் வரலாற்றை எண்ணிப் பார்த்தபோது என் விடை தளர்ந்தது. பாலைநிலத்து மக்கள் இக்கதைகளைத் தொன்றுதொட்டு வரைந்தது மணலிலும் தங்கள் உடலிலும். சடங்கு முடிந்ததும் கால்கள் மணலோவியத்தை மிதித்துக் கலைத்துவிடும். உடலிலிருந்த வண்ணம் வியர்வையோடு போய்விடும். அழியாத ஓவியமே அவர்களுக்குப் புதியது. பாப்புன்யா என்னும் குடியிருப்பில் 1971-இல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தால் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையை வரைந்தார்கள். பின்னர்ப் பலகையிலும் கித்தானிலும் வரைந்தார்கள். அடுத்த ஆண்டே தங்களுக்கென்று ஒரு நிறுவனமும் அமைத்துக்கொண்டார்கள். இன்று உலகின் பெரிய கலைக்கூடங்களில் தொங்கும் புள்ளி ஓவியங்கள் அங்கிருந்து கிளைத்தவை. அந்தச் சுவரோவியத்தின்மேல் சில ஆண்டுகளுக்குள் வெள்ளையடித்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஒரு சிக்கல் எழுந்தது. தீட்சை பெற்ற ஆடவர் மட்டுமே காணத்தக்க வடிவங்களும் பலகையில் ஏறிவிட்டன. அண்டைக் குழுவினர் சினந்தனர். வரைந்தவர்கள் தமக்குள் கலந்து பேசி, காட்டலாகாதவற்றை விலக்கினார்கள். புள்ளிகளை நிறைத்து மறைத்தும் வைத்தார்கள். ஆகவே வெளியுலகுக்கு வருபவை, ‘காட்டலாம்’ என்று அவர்களே தெரிந்தெடுத்தவை. ஆர்னெம் லேண்டிலும் ஒரே ஓவியத்துக்குப் புறப்பொருள் ஒன்று, அகப்பொருள் பல என்று சொல்வார்கள். நம் சமையலறைக்கு வந்தது புறப்பொருள் மட்டும். உட்பொருள் அவர்களிடமே பத்திரமாக இருக்கிறது.

துணியும் புதிதன்று. திவி மக்கள் வாழும் பாதர்ஸ்ட் தீவில் 1911-இல் அருட்பணி பிரான்சிஸ் சேவியர் கெசல் நிறுவிய கத்தோலிக்க மறைத்தளம் உண்டு. அங்கே 1969-இல் திவி இளைஞர்கள் மரக்கட்டை அச்சில் தொடங்கி, விரைவிலேயே துணியில் அச்சிட்டார்கள். திவி டிசைன்ஸ் என்னும் அம்மையம் இன்றும் நடைபெறுகிறது. பாப்புன்யாச் சுவரோவியத்துக்கு இரண்டாண்டு முந்தியது அது. டேலி ஆற்றங்கரையில் நௌயு என்னும் ஊர் ஆலயத்தில் மிரியம்-ரோஸ் உங்குன்மெர்-பாமன் 1970-களின் நடுவில் வரைந்த சிலுவைப்பாதை ஓவியங்கள் இருக்கின்றன. தம் மக்களின் குறிகளாலேயே ஆண்டவரின் பாடுகளை வரைந்த ஆசிரியை அவர். 2021-இல் ஆஸ்திரேலியாவின் சிறந்த மூத்த குடிமக்களுள் முதல்வராகச் சிறப்பிக்கப்பெற்றார். அதே ஊரின் கலைமையத்திலும் பெண்கள் துணியில் அச்சிடுகிறார்கள். ஆலயச் சுவருக்கு வரைந்த கைகள் உடுக்கும் துணிக்கும் வரைகின்றன; அவர்களுக்கு அதில் முரண் தோன்றவில்லை.

என் பங்கு மக்கள் ஆண்டுதோறும் சனவரியில் என்னிடம் கேட்பது ஒன்றுண்டு: “திரு இருதயப் படம் போட்ட பழைய காலண்டரை என்ன செய்யட்டும் சாமி?” குப்பையில் போட மனம் வராது, வைத்துக்கொள்ளவும் இடமில்லை. எரித்துவிடுங்கள் அல்லது புதைத்துவிடுங்கள் என்று சொல்வேன். திருச்சபையின் வழக்கமும் அதுவே. அந்த முறையில் பார்த்தால், ஓராண்டு உழைத்து மண்ணுக்குள் போகும் பருத்தித் துணி, நூறாண்டு மக்காத பிளாஸ்டிக்கில் அச்சிட்ட படத்தைவிடப் பண்புடையது. படம் தேய்வது இழிவன்று. அப்படியானால் இழிவு எங்கே?

டேவிட் மாலங்கி என்னும் ஆர்னெம் லேண்ட் ஓவியர் மரப்பட்டையில் வரைந்த ஒரு வேடனின் ஈமச்சடங்குக் காட்சி, 1966-இல் ஆஸ்திரேலியாவின் ஒரு டாலர் தாளில் அச்சாகி வந்தது. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. செய்தி வெளியான பிறகு நாட்டின் மைய வங்கித் தலைவர் அவருக்கு 1000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகள் அடங்கிய பெட்டியும் அளித்தார். நாட்டு மக்கள் அனைவரின் சட்டைப் பையிலும் அவருடைய மூதாதையின் ஈமச்சடங்கு மடங்கிக் கிடந்தது. அவருக்குக் கிடைத்தது தூண்டில்.

1990-களில் வியட்நாமில் நெய்த கம்பளங்களைப் பெர்த் நகரத்து நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்து விற்றது. அவற்றில் எட்டுப் பழங்குடி ஓவியர்களின் படைப்புகள் இருந்தன. அரசுக் கலைக்கூடம் கல்விக்கென வெளியிட்ட படத்தொகுப்பு முதலியவற்றிலிருந்து எடுத்தவை. எட்டுப் பேருள் ஐவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். உயிரோடிருந்தவர்களுள் பாண்டுக் மாரிக்கா ஒருவர். தம் குலத்தின் புனித நீர்நிலையை அவர் வரைந்த படம், மிதிக்கும் கம்பளமாகிக் கிடந்தது. அனுமதியின்றி நடந்ததாயினும், அவருடைய மரபுப்படி அக்குலத்துக்கு அவரே விடைசொல்ல வேண்டியவர். ‘ஓவியர்களுக்கு உரிமைத்தொகை வழங்கப்படுகிறது’ என்று கம்பளத்தின் அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு காசும் வழங்கப்படவில்லை. 1994 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் 1,88,640 டாலர் இழப்பீடு விதித்தது. நிறுவனம் நொடித்துப்போனதால் அத்தொகையும் ஓவியர்கள் கைக்கு வரவில்லை.

நான்கு ஆண்டு கழித்து, 1998-இல், அச்சிட்ட துணி பற்றியே இன்னொரு தீர்ப்பு வந்தது. ஜான் புலுன் புலுன் வரைந்த நீர்நிலை ஓவியத்தை ஒரு துணி வணிகர் எடுத்தாண்ட வழக்கு அது. ஓவியருக்குத் தம் குலத்தின்பால் நம்பிக்கைக் கடமை உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்தக் குலமே ஓவியத்தின் உரிமையாளர் என்று ஒப்புக்கொள்ள அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. தனியாள் ஒருவர் எழுதினார், அவருக்கு உரிமை, அவர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கும் என்பதே சட்டம் அறிந்த கணக்கு. குலமும் நிலமும் சேர்ந்து எழுதும் ஓவியத்துக்கு அக்கணக்கில் பத்தியில்லை. அதைவிட முக்கியமாக, சட்டம் காப்பது குறிப்பிட்ட ஓவியத்தை மட்டுமே, பாணியை அன்று. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் புள்ளிகளை வைத்துக் கங்காருவை வரையலாம்.

இரண்டாம் துணியை ஒரே வரியில் கடந்துவிடலாம்: ஓவியரின் பெயர் உண்டு, குலமும் உண்டு, கதை இல்லை, நிறங்கள் இதமானவை.

மூன்றாம் துணியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். ஆமை, பல்லி, பூமராங்கு, சுற்றிலும் புள்ளிகள். அட்டையில் ‘பழங்குடிக் கலைவடிவம்’ என்றும், தேனீக்களைக் காப்போம், பூமியைக் காப்போம் என்றும் அச்சிட்டிருந்தது. பெயரில்லை, ஊரில்லை, துணி எங்கே அச்சிடப்பட்டது என்பதும் இல்லை. மெல்பர்னுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “அது ஏர்போர்ட்டுல வாங்கினது சாமி மாமா. மத்ததைவிட விலை பாதிதான். படம் எல்லாம் ஒண்ணுதானே?” என்றான் மருமகன். அவனைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. பங்குத் திருவிழா அழைப்பிதழில் ஆண்டுதோறும் அச்சிடும் அன்னையின் படத்தை வரைந்தவர் யார் என்று நானும் இதுநாள்வரை அச்சகத்தாரைக் கேட்டதில்லை.

படம் எல்லாம் ஒன்று அன்று. ஒரு மொத்த வணிக நிறுவனம் 2015 சூலை முதல் 2017 நவம்பர் வரை 18,000-க்கும் மேற்பட்ட பூமராங்குகளையும் ஊதுகுழல்களையும் பிறவற்றையும் பழங்குடி மக்களின் கைவேலை என்று எண்ணும்படி விற்றது. அவை இந்தோனேசியாவில் செய்யப்பட்டவை. 2019-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 23 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. களவுக்காக விதித்த தண்டமன்று அது. குறிப்பிட்ட ஓவியம் எதுவும் திருடப்பட்டதாக வழக்கில்லை. வாங்குவோரை ஏமாற்றியதற்காக விதித்தது. நம் மறைக்கல்வியின் வரிசையில் சொன்னால், கம்பள வணிகர் மீறியது ஏழாம் கட்டளையை; இவர்கள் மீறியது எட்டாம் கட்டளையை. 2022-இல் ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் அளித்த அறிக்கை, பழங்குடிப் பாணி நினைவுப் பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கும் மேல் இத்தகைய போலிகளுக்கே போகிறது என்றது. அந்த ஆணையத்தின் பரிந்துரை வியப்பானது: உண்மையான பொருள்மேல் முத்திரை குத்தச் சொல்லவில்லை, போலியின்மேல் ‘இது போலி’ என்று எழுதுவதைக் கட்டாயமாக்கச் சொன்னது. மெய்யை மெய்யென்று நிறுவும் சுமையை ஏற்கெனவே இழந்தவர்மேல் ஏற்றாதிருக்கும் அறிவு அதில் இருக்கிறது. நான் இத்துணிகளில் கண்ட மிகச் சிறந்த திறனாய்வு அந்தப் பரிந்துரையே.

மூன்றாம் துணி சட்டப்படி யாரிடமிருந்தும் எதையும் எடுத்திராமல் இருக்கலாம். ஆயினும், தனக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு நிலம் இருக்கிறது என்று அது நம்மை நம்பச் செய்கிறது. அந்த நம்பிக்கையை விலையாக்குகிறது. பூமியைக் காப்போம் என்னும் வாசகம் இதனால் இன்னும் கசக்கிறது. எந்தப் பூமி, யாருடைய பூமி என்று பெயர்சொல்லத் துணியாத துணி, பூமியைக் காப்பது எங்ஙனம்? முதல் துணியைச் செய்தவர்கள் விளிம்பில் பிழைசெய்தார்கள். மெழுகில் நிறத்தை இழந்தார்கள். இருந்தும் மினா மினா என்னும் சொல் இன்று நம் பங்கு இல்லத்தில் புழங்குகிறது. சமையல் அம்மா அதை “அந்தப் பொம்பளைங்க நடந்த துணி” என்று சொல்கிறார். அட்டையிலிருந்ததை நான் அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டியதோடு சரி.

நான்கு மாதம் ஆகிறது. சித்திரை வெயிலில் அடுப்பருகே வைத்தால் முதல் துணி பிசின் கக்குகிறது. நீர்ப்பானையின் அருகே மாற்றி வைத்திருக்கிறோம். மடிப்பு விழும் இடத்தில் புள்ளிகள் வெளுத்துவிட்டன. கொடி மட்டும் தெரிகிறது. மூன்றாம் துணியை அது வரையப்பட்ட இடம் தெரியும்வரை பயன்படுத்துவதில்லை என்று மருமகனுக்குக் கடிதம் எழுதினேன். அவன் அடுத்த பயணத்தின்போது அந்தக் கடையிலேயே கேட்டிருக்கிறான். விற்பனைப் பெண் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அனுப்பியவர்களைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி அவனுடைய எண்ணை எழுதிக்கொண்டாளாம். இன்னும் பதில் வரவில்லை. துணி என் மேசை இழுப்பறையில், திருவிழா அழைப்பிதழ்களுக்கு அடியில் இருக்கிறது.